குண்டாறு போய்ச் சேரும் கடலில் திமிங்கலம் உண்டா?

திருச்சுழிக்காரர்களிடம் கடலைப் பற்றிப் பேசினால், 'நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்' என்பார்கள். ஆனால் ஊர்ப் பெயருக்குள்ளேயே ஒரு கடல் இருக்கிறது. பிரளய வெள்ளம் உலகை மூடியபோது சிவபெருமான் திரிசூலத்தால் பூமியைக் குத்தினார், வெள்ளமெல்லாம் சுழித்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது, அதனால்தான் 'சுழி' என்கிறது திருமேனிநாதர் கோயில் தலபுராணம். இறங்கிய தண்ணீர் திரும்பி மேலே வரவில்லை போலிருக்கிறது. இன்றைக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ் ஏறினால் சன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரமும், கரிமூட்டப் புகையும், அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் கிடக்கும் கண்மாயும்தான். கோயிலை ஒட்டிப் போகும் குண்டாற்றில் வருஷத்தில் பல மாதம் மணல்தான் ஓடுகிறது.

இந்தக் காய்ந்த சீமையில், அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீடு ஒன்றில், ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் செல்போனில் நீலத் திமிங்கலம் வாலைத் தூக்கி முங்குகிற வீடியோவைப் பார்த்துவிட்டாள். அங்கே ஆரம்பித்தது.

"தாத்தா, இத நேர்ல பாக்க எங்க போகணும்?"

"கடலுக்குத்தான் தாயி."

"நம்ம கடல்லயா?"

நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த தாத்தாவிடம் இதற்குப் பதில் இல்லை. போனைத் தட்டினால் கலிபோர்னியா, ஐஸ்லாந்து, ஆஸ்திரேலியா என்று படகுச் சவாரி விளம்பரங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் விமான டிக்கெட் செலவைக் கூட்டினால் ஒரு தறியை விற்க வேண்டும். "பக்கத்துல இல்லாமலா போயிரும்?" என்றார் தாத்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

அவர் கணக்கு எளிமையானது. குண்டாறு எங்கே போய்க் கடலில் விழுகிறதோ, அதுதான் நம்ம கடல்.

ஆற்றோடு ஒரு பயணம்

திருச்சுழி தாண்டி கமுதி. அங்கேயும் குண்டாறு கூடவே வருகிறது. கமுதிப் பக்கம் பொட்டல் காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் சூரிய மின் தகடுகள். 2016-இல் அமைந்த 648 மெகாவாட் மின் நிலையம் அது. மழை பொய்த்தாலும் வெயில் பொய்க்காத ஊரில் கடைசியில் வெயிலையே அறுவடை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பெருநாழிக்கு வந்தால் மிளகாய். காய வைத்த குண்டு மிளகாய் செக்கச்செவேல் என்று கிடக்கும் களத்தைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள்ளேயே தும்மல் வந்துவிடும். சாயல்குடியில் பனை தொடங்குகிறது. கருப்பட்டி வாங்காமல் அந்த ஊரைத் தாண்டுகிறவர் குறைவு. தாத்தாவும் வாங்கினார்.

அதற்கப்புறம் காற்றில் உப்பு தெரிகிறது. மூக்கையூர்.

குண்டாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் இங்கேதான். மீன்பிடித் துறைமுகம், வரிசையாகப் படகுகள், சந்தியாகப்பர் ஆலயம். கரையில் நின்று பார்த்தால் கடல் அலட்டிக்கொள்ளாமல் கிடக்கிறது. சென்னை மெரினாவின் ஆர்ப்பாட்டம் எல்லாம் கிடையாது. காரணம் இருக்கிறது. ராமேசுவரம் பக்கமிருந்து தூத்துக்குடி வரை கரைக்கு இணையாகப் பவளப் பாறைகளும் 21 தீவுகளும் காவல் நிற்கின்றன. 1986-இல் இதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-இல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இந்தப் பக்கத்துத் தீவுகளின் பெயரைக் கேட்டால் வறட்சிக்காரர்களுக்கு ஒரு சிரிப்பு வரும். ஒன்று நல்லதண்ணித் தீவு, இன்னொன்று உப்புத்தண்ணித் தீவு. கடலுக்கு நடுவிலும் தண்ணீர்க் கவலைதான்!

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் பேத்தி நேராகவே கேட்டுவிட்டாள். "அண்ணே, இங்க திமிங்கலம் வருமா?"

அவர் சிரிக்கவில்லை. "ஓங்கல் வரும் பாப்பா. படகுக்கு முன்னாடி குதிச்சுக்கிட்டே வரும். திமிங்கலம்னா இங்கன தண்ணி பத்தாது. ஆழக்கடலுக்குப் போற ஆளுக கண்ணுல எப்பவாவது படும்" என்றார். பிறகு தாத்தாவைப் பார்த்து, "அய்யா, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்னு எவனாச்சும் காசு கேட்டா நம்பிராதீக" என்று சேர்த்துக்கொண்டார்.

ஓங்கல் என்றால் டால்பின். கடல்பசுவை இந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். அது கடல் புல் மேய்கிற சாதுப் பிராணி. அதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. புல் மேய்வதற்கும் ஓங்கல் விளையாடுவதற்கும் ஆழமில்லாத கடல் தோது. நீலத் திமிங்கலத்துக்கு அது தோதுப்படாது. அது கீழே முங்கி இரை தேட நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வேண்டும். அவ்வளவு ஆழம் இங்கே கரையை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் கிடைக்கிறது.

எனவே நேர்மையான பதில் இதுதான். தமிழ்நாட்டுக் கரையில் திமிங்கலம் காட்டுவதற்கென்று முறையாக ஓடும் படகுச் சவாரி கிடையாது. கோவாவில் டால்பின் காட்டுவார்கள். ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஐராவதி டால்பின் காட்டுவார்கள். திமிங்கலம் வேறு கதை.

நாம் பார்த்த திமிங்கலங்கள்

திமிங்கலத்தைத் தென்மாவட்டத்துக்காரர்கள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்திருக்கிறார்கள், ஆனால் கரையில்.

2016 ஜனவரி, பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கரையெங்கும் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின. பைலட் திமிங்கலம் என்ற கறுப்பு வகை. பதினைந்து இருபது அடி நீளம். ஒன்றின் பின் ஒன்றாகக் கூட்டமாகவே வாழ்கிற இனம் அது. ஒன்று தடம் மாறினால் மற்றவையும் பின்னாலேயே போகும் என்பதுதான் அதற்குப் பலமும் பலவீனமும். மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலும் கயிற்றாலும் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டாளிகள் கரையில் கிடக்கும்போது தான் மட்டும் போக மனசில்லாத மாதிரி. 40-க்கும் மேற்பட்டவை இறந்தன. பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

இதே கரையில், இதே தை மாத வாக்கில், 1973-இலும் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியது பதிவாகியிருக்கிறது. நாற்பத்து மூன்று வருஷ இடைவெளியில் அதே இடம், அதே இனம். கடல் ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிற விஷயம் இது.

இதை விட்டால் நம் ஊர்ச் செய்தித்தாளில் திமிங்கலம் என்ற சொல் அடிபடுவது போலீஸ் செய்தியில்தான். 'திமிங்கல உமிழ்நீர் கடத்திய மூவர் கைது' என்று மாதம் ஒன்றாவது வந்துவிடும். அம்பர்கிரிஸ் என்கிற அந்தப் பொருள் உமிழ்நீரே அல்ல. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் மெழுகுக் கட்டி. கணவாயின் கெட்டியான அலகு செரிக்காமல் குடலை உறுத்துவதால் அது சுரக்கிறது என்கிறார்கள். வாசனைத் திரவியக்காரர்களுக்குத் தங்கம். ஆனால் இந்தியாவில் 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கரையில் ஏதோ கட்டி கிடக்கிறதே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆக, செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். அதன் குடலில் இருப்பதற்கு விலை பேசியிருக்கிறோம். உயிரோடு நீந்துவதைப் பார்த்தவர்கள் ஆழக்கடல் மீனவர்கள் மட்டும்தான்.

அக்கரையில் ஓர் ஆறு

மூக்கையூரில் கிடைத்த பதிலோடு ஊர் திரும்பிய பேத்தி விடவில்லை. அட்லஸை விரித்தாள். இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலை. அங்கேயும் ஓர் ஆறு கடலில் விழுகிறது, மகாவலி கங்கை. நம் குண்டாறு மாதிரி நினைத்தபோது வருகிற ஆறு இல்லை. மத்திய மலைநாட்டில் பிறந்து, இலங்கையின் ஆறுகளிலேயே நீளமானதாக ஓடி, கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அந்தக் குடாவுக்கு அடியில்தான் விசேஷம். துறைமுக வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று சடாரென்று இறங்குகிறது. கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரத்திலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழம் வந்துவிடும். நம் பக்கம் வெகுதூரம் போனால்தான் கிடைக்கிற ஆழம் அங்கே வாசலிலேயே கிடக்கிறது. ஆழம் இருக்கும் இடத்தில் இரை, இரை இருக்கும் இடத்தில் திமிங்கலம்.

1980-களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகு வந்து திருகோணமலைக் கடலில் எண்ணெய்த் திமிங்கலங்களையும் நீலத் திமிங்கலங்களையும் பதிவு செய்தது. பிறகு போர் வந்தது. 2009 வரை அந்தக் கடலில் வேடிக்கை பார்க்க யாரும் போகவில்லை.

உலகின் பல நீலத் திமிங்கலங்கள் குளிர்க்கடலில் மேய்ந்து, குட்டி போட வெதுவெதுப்பான கடலுக்கு வருகிறவை. வந்த இடத்தில் பெரிதாகச் சாப்பிடுவதில்லை என்றுதான் பாடப்புத்தகம் சொன்னது. 2003-இல் இலங்கைக் கடலில் ஆய்வுக் கப்பலில் போன இளம் மாணவி ஆஷா டி வோஸ், நீலத் திமிங்கலங்களுக்கு நடுவே சிவப்பாக மிதந்த கழிவைப் பார்த்தார். சாணி இருக்கிறது என்றால் தீனி தின்றிருக்கிறது! மாடு வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரரும் இதை ஒப்புக்கொள்வார். இந்தத் திமிங்கலங்கள் இந்தியப் பெருங்கடலின் வெப்பப் பகுதியிலேயே தங்கி, இங்கேயே சாப்பிட்டு, இங்கேயே வாழ்கின்றன என்பதை அவர் பின்னர் ஆய்வுகளில் எழுதினார். அவை தின்பது நம் சந்தையில் சென்னாகூனி என்று படியில் அளந்து போடுகிறார்களே, அந்த வகையைச் சேர்ந்த பொடி இறால். உலகத்திலேயே பெரிய உயிருக்குச் சென்னாகூனிதான் சாப்பாடு என்று கேட்டதும் அப்பத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மே மாதமா, மார்கழியா?

திமிங்கலம் பார்க்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கையின் தெற்கும் மேற்கும் கொந்தளிக்கும், கிழக்கு அமைதியாக இருக்கும். வாடைக்காற்றில் நேர்மாறு. ஆகவே கோடை விடுமுறைக்குப் போவதென்றால் திருகோணமலை. ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் வரை அங்கே பருவம். அரையாண்டு விடுமுறைக்கு என்றால் தெற்குக் கரையில் மிரிச. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை. வடமேற்கில் கற்பிட்டியிலும் அதே மாதங்களில் டால்பின் கூட்டங்களையும், சமயத்தில் எண்ணெய்த் திமிங்கலத்தையும் பார்க்கலாம். விளம்பரத்தில் 'ஆண்டு முழுவதும்' என்று போட்டிருந்தால் அந்த விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

போகிற வழி இரண்டு. மதுரை விமான நிலையம் அருப்புக்கோட்டைச் சாலைப் பக்கம்தான் இருக்கிறது. அங்கிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கொழும்பிலிருந்து மிரிசவுக்குத் தெற்கு அதிவேகச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் சேரலாம். திருகோணமலைக்கு ராத்திரி ரயிலே இருக்கிறது.

இன்னொரு வழி கப்பல். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, மழைக்காலத்தோடு நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். காற்றும் மழையும் மிஞ்சினால் ஓடாது. எந்தெந்த நாள் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் லீவு போட வேண்டும். காங்கேசன்துறையில் இறங்கி, வவுனியா வழியாகத் திருகோணமலைக்குப் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். எந்த வழி போனாலும் பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கைக்கான பயண அனுமதியைப் புறப்படும் முன்பே இணையத்தில் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

கப்பல் என்றதும் தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தாத்தா 'கண்டிச் சீமை'க்குப் போனவர். ராமநாதபுரம் சீமையில் மழை பொய்த்த வருஷங்களில் ஊர் ஊராகக் கிளம்பி மண்டபம் முகாமில் நாள் கணக்கில் காத்துக் கிடந்து, அக்கரையில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1914-இல் தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் என்று 'போட் மெயில்' ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. போனவர் போட்ட கடிதம் ஒன்றுகூட இப்போது வீட்டில் இல்லை. அவர் அந்தக் கடலில் திமிங்கலத்தைப் பார்த்திருப்பாரா என்று பேத்தி கேட்டாள். "அவுகளுக்கு வயித்துப் பாடு தாயி. கடலையே பாத்திருக்க மாட்டாக" என்றார் தாத்தா.

துரத்தாத படகு

படகுச் சவாரி எப்படி இருக்கும்? விடிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். மிரிசவில் இரண்டு தட்டு வைத்த பெரிய படகுகள். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து சிறிய ஃபைபர் படகுகள். மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரம் வரை ஆகும். வயிறு முட்ட இட்லி தின்றுவிட்டு ஏறினால் கடல் அதைத் திருப்பிக் கேட்டுவிடும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், ஏறியபின் போட்டுப் பயனில்லை. லைஃப் ஜாக்கெட் கொடுக்காத படகில் காலை வைக்கவே கூடாது.

அப்புறம் காத்திருப்பு. படகோட்டி தேடுவது திமிங்கலத்தை அல்ல, அதன் மூச்சை. நீலத் திமிங்கலம் மேலே வந்து மூச்சு விட்டால் முப்பது அடி உயரத்துக்கு நீராவித் தூண் எழும்பும். தூரத்தில் யாரோ தண்ணீரைப் பீய்ச்சியது மாதிரி. பிறகு சாம்பல் நீல முதுகு வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். சில தடவை மூச்சு விட்டபின் வாலைத் தூக்கி உள்ளே போய்விடும். மறுபடி மேலே வரப் பத்து நிமிஷம் ஆகலாம். வராமலும் போகலாம். சில படகுக்காரர்கள் அன்றைக்குத் திமிங்கலம் தட்டுப்படாவிட்டால் மறுநாள் இலவசமாகக் கூட்டிப் போவதாகச் சொல்வார்கள். காசு கொடுக்கும் முன்பே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆளுக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா என்பதையும்.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு தூரத்தில் படகை நிறுத்துவீர்கள்? 2012-இல் இலங்கை கொண்டுவந்த விதிப்படி திமிங்கலத்திலிருந்து 100 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆனால் நெருங்கிப் போனால் நல்ல போட்டோ, நல்ல போட்டோ எடுத்தவர் நாலு பேருக்குச் சொல்வார், நாலு பேர் வந்தால் வருமானம். ஒரு திமிங்கலத்தைச் சுற்றிப் பத்துப் படகு என்று ஆகிவிட்டால் அது நிம்மதியாக மூச்சு விடாமல் முங்கிவிடுகிறது. முங்கினால் பசியோடு முங்குகிறது. பயணி 'இன்னும் கிட்டப் போங்க' என்று கத்தாமல் இருந்தாலே படகோட்டிக்குப் பாதிப் பிரச்சினை தீரும். நல்ல படகோட்டி பக்கவாட்டில் மெதுவாக வந்து இன்ஜினைத் தணித்துவிட்டுக் காத்திருப்பார். முன்னால் போய் வழி மறிக்க மாட்டார்.

படகை விடப் பெரிய ஆபத்து கப்பல். மிரிசவுக்குப் பக்கத்தில் இலங்கையின் தென்முனையான தெவிநுவரவை ஒட்டிப் போகும் கப்பல் பாதை உலகிலேயே போக்குவரத்து மிகுந்த பாதைகளில் ஒன்று. நீலத் திமிங்கலம் மேய்வதும் அதே இடத்தில். மோதி இறந்த உடல்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிவைத்தால் போதும் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். 2022-இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தள்ளிப் போகச் சொன்னது. எல்லாக் கப்பலும் அப்படிப் போவதில்லை.

பாஸ்போர்ட்டுக்கும் பணத்துக்கும் நாள் ஆகும் என்பவர்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பாம்பனிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம், ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துவது அது. இரண்டும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான். சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைகளுக்கு அதன் அளவு அங்கேதான் உறைக்கும்.

அந்த வீட்டில் இப்போது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பேத்திக்கு, அவள் அப்பாவுக்கு, தாத்தாவுக்கு. அடுத்த மே மாதம், திருகோணமலை. அப்பத்தா மட்டும் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கோணேசுவரர் கோயிலுக்கு வருவாராம். சம்பந்தர் பாடிய தலம். கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறை உச்சியில் இருக்கிறது கோயில். பருவத்தில் அந்த உச்சியிலிருந்து பார்த்தாலே சில நாள் திமிங்கலத்தின் மூச்சு தெரியும் என்று பேத்தி படித்துச் சொன்னதும், நாலாவது விண்ணப்பத்தையும் போடச் சொல்லிவிட்டார்.

"அது எம்புட்டு நீளம்டி இருக்கும்?"

"எழுபது அடி, அப்பத்தா. ரெண்டு டவுன் பஸ்ஸ ஒட்டுனாப்புல நிறுத்தினா எம்புட்டோ, அம்புட்டு."

தாத்தாவுக்கு பஸ் கணக்கு பிடிபடவில்லை. தெருவில் பாவு நீட்டிப் பழகிய கை அவருக்கு. விடிகாலையில் தெருவில் வண்டி வருவதற்கு முன்னால் ஒரு நூலை எடுத்து வாசல்படியில் ஒரு முனையைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, அடி எண்ணிக்கொண்டே நடந்தார். பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு, பிள்ளையார் கோயில் திண்ணை, எல்லாம் தாண்டிக் குழாயடிக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தார். நூலின் அந்த முனையில் பேத்தி சின்னதாகத் தெரிந்தாள்.

குழாயில் தண்ணீருக்குக் குடம் போட்டு நின்றிருந்த பெண்கள், "என்ன மாமா, பாவா?" என்று கேட்டார்கள்.